மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்

கரடியனாற்றுப் பக்கம் வேலை இடமாற்றம் வந்தபோது எனக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை நகரத்தில், பால் பரிசோதிக்கும் கூடத்தில், வெள்ளை மேலங்கியோடு வேலை. கால்நடை வளர்ப்புப் படித்தவள்தான். ஆனால் மாட்டைவிடப் பாலைத்தான் அதிகம் பார்த்திருந்தேன். இனிமேல் வெளிக்களம் என்றார்கள். மாடு வேட்கைக்கு வந்துவிட்டதென்று மாட்டுப் பட்டிக்காரர் தொலைபேசியில் அழைத்தால், அந்தப் பொழுதுக்குள் போய்ச் சினை ஊசி போட வேண்டும். பிந்தினால் அந்த முறை போய்விடும். மாடு மறுபடி வேட்கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

காளையின் விந்தை உறைநிலையில் வைத்திருக்கும் நைதரசன் குடுவையும் கூடவே வரும். பார்ப்பதற்குத் தண்ணீர்க்குடம் போலிருக்கும். பாரமும் அப்படித்தான். ஆரம்பத்தில் செங்கலடிச் சந்தியிலிருந்து முச்சக்கரவண்டி பிடித்துப் போனேன். தார் வீதி முடியும் இடத்தில் ஒவ்வொரு சாரதியும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள்.

"இதுக்கு அங்கால போனா அச்சு முறிஞ்சிரும் மிஸ். இறங்கி நடங்க."

குடுவையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளியின் வரம்புகளால் நடந்தேன். இரண்டு தடவை மாடு எனக்காகக் காத்திருக்கவில்லை. அப்போதுதான் முடிவெடுத்தேன், நானே வண்டி ஓட வேண்டும் என்று.

என் கணவர் சித்திர ஆசிரியர். வந்தாறுமூலையில் வீடு. அவர் பாடசாலைக்கு மிதிசைக்கிளில் போகிறவர். எங்கள் வீட்டில் அதுவரை பெற்றோல் வாசனையே இருந்ததில்லை.

"ஸ்கூட்டி ஒண்டு எடுப்பம்," என்றார். "இப்ப எல்லாப் பொம்புளையளும் அதுலதான் போறாங்க."

"அந்தச் சின்னச் சில்லு சேத்துக்குள்ள ஒரு மழைக்கே தாங்காது."

"அப்ப புதுசா ஒரு மோட்டச்சைக்கிள் பாப்பம்."

"புதுச ஒவ்வொரு நாளும் விழுத்தி எழுப்ப எனக்கு மனம் வராது. பழசே போதும். பாரமா, பின்னால பெரிய கரியர் உள்ளதா, கழட்டிப் பூட்ட லேசானதா ஒண்டு வேணும்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் பல நாட்களாகக் கைத்தொலைபேசியில் பழைய மோட்டார் சைக்கிள்களைக் கழற்றிப் பூட்டும் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. சமையல் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தாராம்.

விசாரித்ததில் பனிச்சங்கேணியில் ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். விற்கிறவர் கடலோரக் களப்பில் இறால் பிடிக்கிறவர், ஐம்பது வயது இருக்கும், நல்ல வாயாடி. முற்றத்துத் தென்னையின் கீழ் அதை நிறுத்தியிருந்தார். நூற்றிருபத்தைந்து சிசி, பழைய ஜப்பான் தயாரிப்பு, என்னைவிடச் சில வயதுதான் இளையது. முன்பக்கம் கறுப்பாகப் பளபளத்தது. பின்பக்கம் முழுவதும் துரு. ஆண்டுக்கணக்காகப் பின்னால் மீன்பெட்டி கட்டி ஓடியதில், ஐஸ் கரைந்த உப்புத்தண்ணீர் வடிந்து வடிந்து பின் மட்காட்டைத் தின்றிருந்தது. என் விரல் ஒரு ஓட்டைக்குள் போய் மறுபக்கம் வந்தது.

"ஐஸ் கரையிறதுக்குள்ள வாழைச்சேனைக்குக் கொண்டு சேத்திரும் ஐயா," என்று கணவரிடம் சொன்னார். "ஒருக்கா ஓடிப் பாருங்க."

"ஓடப்போறது அவ," என்றார் கணவர்.

இறால்காரர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "கால் எட்டுமா புள்ள?"

ஏறி உட்கார்ந்து காட்டினேன். பெருவிரல்கள் நிலத்தைத் தொட்டன. அது போதும் என்றுதான் எனக்குப் பட்டது. இறங்கி எஞ்சினில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். மாட்டின் காதில் கைவைத்துக் காய்ச்சல் பார்ப்பதுபோல அது எனக்குத் தானாக வந்தது. எஞ்சின் சூடாக இருந்தது.

"இப்பதான் ஓடினதா?"

"காலமை சந்திக்குப் போய் வந்தன்."

"நல்லம். ஆறட்டும். ஆறினாப் பிறகு ஸ்டார்ட் பண்ணிப் பாப்பம்."

அவருடைய முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. குளிர்ந்த எஞ்சின் எவ்வளவு சிரமப்படுகிறதென்று தெரிய வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் அது தெரியாது. காணொளிகளில் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். அவருடைய மனைவி தேத்தண்ணியும் பொரித்த இறாலும் கொண்டுவந்து வைத்தார். களப்புக் காற்றில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டோம். கணவர் இரண்டாவது முறையும் இறால் கேட்டு வாங்கினார்.

எஞ்சின் ஆறியபின் இறால்காரர் சோக்கை இழுத்துவிட்டு உதைத்தார். ஒன்றுமில்லை. மறுபடி உதைத்தார். இருமியது. பிறகு சட்டென்று பற்றிக்கொண்டு மெல்லிய வெள்ளைப் புகையோடு ஓட ஆரம்பித்தது. புகை நீலமாக இருக்கிறதா என்று பார்த்தேன்; நீலமென்றால் எஞ்சின் ஒயிலைக் குடிக்கிறது. இல்லை. கொஞ்ச நேரத்தில் புகையே நின்று, சத்தம் ஒரே தாளத்தில் வந்தது. உள்ளே எந்தத் தட்டலும் இல்லை.

துருவைக் காட்டி நான் விலையைக் குறைத்தேன். தடித்த இரும்புக் கம்பியில் ஒட்டிச் செய்த கரியரைக் காட்டி அவர் கொஞ்சம் ஏற்றினார். நான் வாங்க வந்ததே அந்தக் கரியருக்காகத்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அன்றைக்கு நான் பார்க்காமல் விட்டது பெற்றோல் டேங்கின் உட்புறம்.

எங்கள் இருவருக்கும் ஓடத் தெரியாததால் இறால்காரரே வந்தாறுமூலைவரை ஓட்டிவந்தார். கணவர் பின்னால், மீன்பெட்டி இருந்த இடத்தில் உட்கார்ந்து வந்தார். நான் பஸ்ஸில் வந்து வீட்டு வாசலில் காத்திருந்தேன். வந்து இறங்கிய கணவரின் காற்சட்டையை மூன்று முறை துவைத்தும் வாசம் போகவில்லை. கடைசியில் அதைச் சுவருக்குத் தீந்தை பூசும்போது போடும் காற்சட்டையாக ஆக்கிக்கொண்டார்.

பழகுநர் அனுமதி எடுத்ததும், எல் எழுத்தை அவரே அழகாக எழுதி முன்னும் பின்னும் கட்டிவிட்டார். பாடசாலை விடுமுறை நாட்களில் மைதானத்தில் நானாகவே பழகினேன். கிளச்சை விடுவதுதான் முழு வித்தையும். சட்டென்று விட்டால் துள்ளி நின்றுவிடும். மெதுவாக விட்டால், எஞ்சின் சில்லைக் கைப்பிடிக்கும் அந்த இடம் விரலில் தெரியும். கணவர் கோல் கம்பத்தின் கீழ் உட்கார்ந்து என்னை வரைந்துகொண்டிருந்தார். நான் விழும்போதெல்லாம் பென்சிலைப் போட்டுவிட்டு ஓடிவருவார்.

"காணும், இண்டைக்கு விடுவம்."

"இப்பதான் பிடிபடுது. போய் இருங்க."

சைலன்சர் கெண்டைக்காலில் சுட்டது. மோட்டார் சைக்கிள் பழகிய எல்லோருக்கும் ஏறக்குறைய அதே இடத்தில் அந்த வடு இருப்பதைப் பிறகுதான் கவனித்தேன். சேலையை விட்டுவிட்டுக் காற்சட்டைக்கு மாறினேன். பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆம்புளச் சைக்கிளாக்கும் எடுத்திருக்கிறீங்க?" என்று கேட்டார்.

"இல்ல, மாட்டுச் சைக்கிள்," என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கு அது பிடித்துப்போனது.

அனுமதிப்பத்திரத்துக்கான பரீட்சை நாளில் வரிசையில் நின்ற மற்றப் பெண்கள் எல்லோரும் ஸ்கூட்டியில் இருந்தார்கள். பரீட்சகர் என் பின் மட்காட்டைப் பார்த்துவிட்டு, "இதுலயா எட்டுப் போடப்போறீங்க?" என்றார். "ஓம் சேர்," என்றேன். அரைக் கிளச்சில், நடக்கிற வேகத்தில், கோட்டைத் தொடாமல் இரண்டு வளையங்களையும் சுற்றி வந்தேன். எஞ்சின் ஒருதரம்கூட நிற்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகுதான் உண்மையான பாடம் தொடங்கியது. ஒருநாள் கரடியனாற்றிலிருந்து திரும்பும் வழியில் எஞ்சின் விக்கி விக்கி நின்றது. வீதியோரம் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து உதைத்தேன். ஒன்றும் நடக்காததுபோல ஓடியது. அடுத்த கிழமையும் அப்படியே.

ஏறாவூரில் ஒரு கராஜ் வைத்திருந்த காக்காவிடம் கொண்டுபோனேன்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். என் வயதுதான் இருக்கும். எப்போதும் அவசரத்தில் இருக்கும் மனிதர். சாவியை எடுக்கும் முன்பே நோயைச் சொல்லிவிடுவார்.

"பிளக்குதான் மிஸ். மாத்தினாச் சரி."

மாற்றினார். இரண்டு நாள் நன்றாக ஓடி மறுபடி நின்றது.

"அப்ப காபரேட்டர்தான்."

கழற்றிக் கழுவினார். உள்ளே கொஞ்சம் மண் இருந்ததாகச் சொன்னார். அது ஒரு கிழமை தாங்கியது. மூன்றாம் முறை போனபோது என்னையும் மோட்டார் சைக்கிளையும் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"கொயில் போயிட்டு மிஸ், பொறி வராது. மறுகா இதுக்குக் கொயில் தேடி நான் கொழும்புக்குத்தான் போகணும். வித்துப்போட்டுப் புதுசு ஒண்டு எடுங்களே. உங்களுக்கென்ன, கவண்மேந்து உத்தியோகம்."

"கொயில இப்ப மாத்தாதீங்க காக்கா," என்றேன். "நான் யோசிச்சிட்டு வாறன்."

ஒரு மாடு திரும்பத் திரும்பச் சினை பிடிக்காவிட்டால் நான் இன்னொரு ஊசியை எடுப்பதில்லை. என்ன தின்கிறது, எங்கே கட்டுகிறீர்கள், எப்போது வேட்கை கண்டீர்கள் என்று உடைமையாளரைக் கேட்பேன். இங்கே உடைமையாளர் நான்தான். என்னையே கேட்டுக்கொண்டேன். எப்போது நிற்கிறது? எப்போதும் திரும்பி வரும்போதுதான். காலையில் செங்கலடியில் பெற்றோல் நிரப்பிக்கொண்டு போகும்போது ஒருநாளும் நின்றதில்லை. திரும்பும்போது என்ன வித்தியாசம்? டேங்கில் பெற்றோல் குறைந்திருக்கும். குன்றும் குழியுமான பாதையில் குலுங்கி வந்திருக்கும். காபரேட்டருக்குள் மண் இருந்ததென்று காக்கா சொன்னதும் நினைவுக்கு வந்தது. பெற்றோலுக்குள் மண் எங்கேயிருந்து வரும்?

வீட்டுக்கு வந்து டேங்க் மூடியைத் திறந்து கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். உள்ளே முழுவதும் செம்மண் நிறம். களப்புக் காற்றும் உப்பும் வெளியே மட்டும் வேலை செய்திருக்கவில்லை. பெற்றோல் குறையும்போது அடியில் கிடந்த துருத்தூள் குலுங்கிக் கலங்கிக் குழாயை அடைத்திருக்கிறது. நிறுத்திவைத்தால் தூள் படிந்துவிடும். வழியும் திறந்துவிடும்.

அந்தக் கணத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தைப் பரீட்சையில் தேறிய அன்றுகூட நான் காணவில்லை. அடுப்படியில் நின்ற கணவரைக் கூப்பிட்டேன்.

"இஞ்ச வாங்க. கண்டுபிடிச்சிட்டன்."

மறுநாள் டேங்கைக் கழற்றி, பெற்றோலை வடித்து, ஒரு பழைய மிதிசைக்கிள் செயினைத் துண்டுதுண்டாக உள்ளே போட்டு, வினாகிரி ஊற்றி வாயை இறுக்கிக் கட்டினோம். முற்றத்தில் நின்று ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். சலங்கைபோலச் சத்தம். கணவர் சத்தத்துக்கு ஏற்ப ஒரு ஆட்டமும் போட்டார். பக்கத்து வீட்டுப் பெண் மறுபடி வேலிக்கு வந்து நின்றார். முதல் முறை ஊற்றியபோது கறுத்த தேத்தண்ணி நிறத்தில் வந்தது. ஊற வைத்தோம், குலுக்கினோம், கழுவினோம். தெளிவாக வரும்வரை விடவில்லை. வெயிலில் நன்றாகக் காயவைத்து, மறுபடி துருப்பிடிக்காமல் கொஞ்சம் ஒயில் விட்டு உள்ளே சுழற்றி எடுத்தோம்.

காக்காவிடம் போய்ச் சொன்னேன். குனிந்து டேங்குக்குள் பார்த்தார்.

"இதத்தான் மிஸ் நானும் சொல்ல இரிந்தன்."

"கொயில் எண்டீங்களே காக்கா."

"அது கொயில் போனாத்தான் கொயில்," என்று சொல்லிவிட்டு அவரே வெடித்துச் சிரித்தார். உள்ளே தூள் வந்தால் கண்ணுக்குத் தெரியும்படி, குழாயின் நடுவில் கண்ணாடிபோன்ற ஒரு சின்ன வடிகட்டியைப் பூட்டிவிட்டார். அது அவருடைய யோசனை. நல்ல யோசனை. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்துதான் நோய் பார்க்கிறோம். அவர் அவசரப்படுவார், நான் கேள்வி கேட்பேன்.

அதன் பிறகு செயினை இறுக்குவது, ஒயில் மாற்றுவது, பிளக்கைக் கழற்றித் துடைப்பது எல்லாம் நானே செய்தேன். ஆசனத்தின் கீழ் ஒரு பிளக் சாவியும் பழைய பருத்தித் துணியும் எப்போதும் இருக்கும். பட்டிக்காரர்கள் என் எஞ்சின் சத்தத்தைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு மாட்டைப் பிடித்துக் கட்டிவைக்கப் பழகிவிட்டார்கள்.

மாரி தொடங்கிய பிறகு ஒருநாள் காலை ஒரு பெண் அழைத்தார். கரடியனாற்றுக்கு அப்பால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் சில மாடுகள் வைத்துப் பால் விற்பவர். கணவர் இறந்து சில வருடம். பிள்ளைகள் வெளியூரில்.

"மிஸ், செவத்தப்பசு விடியச்சாமத்துல இரிந்து முக்குது. ஒரு கால் மட்டும் வெளிய கிடக்கு. டொக்டர் எங்க?"

கால்நடை டொக்டர் வேறொரு பிரதேசத்துக்குப் போயிருந்தார். தொலைபேசியில் பிடித்தேன். வந்து சேரப் பின்னேரமாகும் என்றார். "நீங்க போய்ப் பாருங்க. கண்டுக்குட்டி உயிரோட இருந்தா திருப்பிப் பாருங்க. ஏலாட்டி எனக்குச் சொல்லுங்க."

மழையங்கியைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். ஆற்றைக் கடக்க ஒரு சப்பாத்துப் பாலம், கைப்பிடிச் சுவர் இல்லாத தாழ்ந்த பாலம். மழை நாளில் தண்ணீர் பாலத்துக்கு மேலாலேயே ஓடும். அன்றைக்கு ஓரத்துக் கட்டைகள் எல்லாம் வெளியே தெரிந்தன. ஒருவர் மிதிசைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார். தண்ணீர் அவருடைய முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. முதல் கியரில் இறங்கினேன். நடுப்பாலம் தாண்டியதும் முன்சில்லு அடித்த தண்ணீர் எஞ்சின்மேல் விழுந்தது. எஞ்சின் நின்றுவிட்டது.

ஓடும் தண்ணீருக்குள் காலை ஊன்றி நின்றபோது பயம் வரவில்லை. என்ன பழுதென்று தெரிந்திருந்தது. அதனால்தான். இறங்கித் தள்ளினேன். பாரமான வண்டி வேண்டுமென்று கேட்டது நான்தானே என்று சொல்லிக்கொண்டே தள்ளினேன். அந்தக் கரையில் ஒரு மருதமரத்தின் கீழ் நிறுத்தி, பிளக் தொப்பியைப் பிடுங்கினேன். உள்ளே தண்ணீர். துணியால் துடைத்து, பிளக்கையும் கழற்றித் துடைத்து, மழை படாமல் அங்கியால் மூடிக்கொண்டு பூட்டினேன். உதைத்தேன். மறுபடி உதைத்தேன். மூன்றாவது உதையில் கோபமாக ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓடியது.

பசு கொட்டிலில் சரிந்து கிடந்தது. கன்றின் ஒரு முன்னங்காலும் மூக்கு நுனியும் வெளியே. நாக்கைத் தொட்டேன். இழுத்துக்கொண்டது. உயிர் இருந்தது.

"வெந்நீரும் தேங்காயெண்ணெயும் கொண்டுவாங்க அக்கா. பயப்பிடாதீங்க."

மற்ற முன்னங்கால் முழங்காலில் மடிந்து உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. பால் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவளுக்கு இது புத்தகத்தில் பார்த்த படம். ஆனால் அந்தக் கொட்டிலில் கை தயங்கவில்லை. பசு முக்கி முடித்து மூச்சுவிடும் இடைவெளியில் கன்றை உள்ளே தள்ளினேன். குளம்பு கருப்பையைக் கிழிக்காதபடி உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, வளைத்து முன்னால் கொண்டுவந்தேன். அடுத்த முக்கலில் இரண்டு காலும் தலையும் சேர்ந்து வந்தன. அக்காவும் நானும் சேர்ந்து இழுத்தோம். கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் நெஞ்சைத் தேய்த்தேன். தும்மியது. நாகு, பெண் கன்று.

அக்கா கொட்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அழுதார், பிறகு மறுபடி சிரித்தார். டொக்டருக்கு அழைத்துச் சொன்னேன். "நல்ல வேலை செய்திருக்கிறீங்க," என்றார். ஓம், நல்ல வேலைதான் என்று எனக்கும் தெரிந்திருந்தது.

மழை விட்டிருந்தாலும் ஆற்றில் தண்ணீர் ஏறியிருந்தது. இறங்கும்வரை போக முடியாது. சும்மா இருப்பானேன் என்று காபரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, தண்ணீர் போயிருக்கிறதா என்று பார்த்தேன். அக்கா பால்தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் குந்திக்கொண்டு, கழற்றி வைத்த ஒவ்வொன்றையும் சுளகில் எடுத்து வைத்தார்.

"இது என்னத்துக்கு?"

"பெற்றோல் எவ்வளவு வரணுமெண்டு பாக்கிற மிதவை."

"எங்கட அவரும் மோட்டச்சைக்கிள் ஒண்டு வச்சிருந்தவர். என்னத் தொட விட்டதில்ல. விழுத்திப் போடுவனாம்." கொஞ்ச நேரம் மிதவையை விரலால் ஆட்டிப் பார்த்தார். "விழுத்தினா என்ன? எழுப்பலாந்தானே?"

"நான் எத்தின தரம் விழுத்தியிருக்கிறன்."

பின்னேரம் தண்ணீர் வடிந்து பாலத்தின் முதுகு தெரிந்தது. அன்றைய பாலை இன்னும் சந்திக்குக் கொண்டுபோகவில்லை என்று அக்கா சொன்னார். பால் கான்களைக் கரியரின் இரு பக்கமும் கட்டினோம். வீட்டிலிருந்த பழைய ஹெல்மெட்டைத் தேடியெடுத்துத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு, எனக்கும் கான்களுக்கும் நடுவே ஏறி உட்கார்ந்தார். பாலத்தை மெதுவாகத் தாண்டி வட்டை வெளிக்கு ஏறியதும் இரண்டாவது கியர் போட்டேன். இரு பக்கமும் தண்ணீர் நின்ற வயல்கள். அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காதுக்குள் கத்தினார்.

"மிஸ், இன்னும் கொஞ்சம் கெதியாப் போங்களே!"

"பால் வெண்ணெயாயிரும் அக்கா!"

"ஆகட்டும்!"

மூன்றாவது கியர் போட்டேன்.